பழைய ஜான்சன் அவுட்போர்டு மோட்டார்: ஒரிஜினல் பச்சையை எப்படிப் பிடிப்பது?

கழிமுகம்
ஞாயிறு, காலை 9:10

எல்லாருக்கும் வணக்கம். எண்ணூர்க் கழிமுகத்தில் என் தாய்மாமா ஒரு சின்ன மரப்படகு வைத்திருந்தார். அதில் தொங்கிய ஜான்சன் சீ ஹார்ஸ் 10 எச்.பி. மோட்டார் அவர் போனபிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே சாக்கு சுற்றிக் கிடந்தது. போன மாதம் வெளியே எடுத்தேன். கயிற்றை இழுத்தால் நன்றாகச் சுற்றுகிறது, இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் இருக்கிறது. எஞ்சின் வேலை தனியாக நடக்கும். நான் கேட்க வந்தது பெயிண்ட் பற்றி.

மேல் கவரில் மட்டும் மூன்று பச்சை தெரிகிறது. உச்சியில் சாம்பல் பூத்த பச்சை, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தமான பச்சை. உள்பக்கம் மஞ்சள் கலந்த பச்சை. தண்ணீருக்குள் போகும் கால் பகுதியில் யாரோ அலுமினியப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கவரை ஒரு பெயிண்ட் கடைக்குத் தூக்கிப்போய் மெஷினில் ஸ்கேன் செய்து ஒரு லிட்டர் கலந்து வாங்கினேன். ஒரு தகரத்தில் அடித்துப் பார்த்தால் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளுத்து நிற்கிறது. மாமா படகில் நான் பார்த்த பச்சை அது இல்லை, நிச்சயமாக இல்லை.

எது உண்மையான பச்சை? எங்கே ஆரம்பிப்பது?

காசிமேடு_மெக்கானிக்
ஞாயிறு, காலை 9:48

தம்பி, முதல்ல ஒண்ணு. பெயிண்ட் ரிமூவர், எமரி பேப்பர் எதையும் இன்னும் தொடாதீங்க. படகோட பின்பலகையில மாட்டுற கிளாம்ப் பக்கம் ஒரு தகட்டுல மாடல் நம்பர் இருக்கும். அதைப் படிச்சுச் சொல்லுங்க. கவரைப் பார்த்து மோட்டார் எதுன்னு முடிவு பண்ணக் கூடாது. ஜான்சனும், எவின்ரூட்ங்கிற இன்னொரு படகு மோட்டார் கம்பெனியும் 1936-லேயே ஒரே கம்பெனிக்குள்ள வந்துட்டாங்க, அதனால 1950-கள்ல உள் சாமான் நிறைய ஒண்ணாவே இருக்கும். யார்டுல ஒண்ணோட சாமானைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டுறது சாதாரணமா நடக்கும்.

கழிமுகம்
ஞாயிறு, காலை 10:20

பார்த்துவிட்டேன் அண்ணா. க்யூ.டி-14 என்று இருக்கிறது.

காசிமேடு_மெக்கானிக்
ஞாயிறு, காலை 10:31

அப்ப 1953 மாடல். க்யூ.டி வரிசை 1949-ல 10-ங்கிற நம்பர்ல ஆரம்பிச்சு, வருஷத்துக்கு ஒரு நம்பரா ஏறி 1963 வரைக்கும் வந்துச்சு. முன்னே போக, நியூட்ரல், பின்னே போக கியரும், தனியா வைக்கிற பெட்ரோல் டேங்கும் சேர்ந்து முதல்ல வந்த மோட்டார் இதுதான். 1950-களோட முதல் பாதியில ஜான்சன் பச்சை, எவின்ரூட் நீலம். உங்க மோட்டார் பச்சைன்னா சரியான பச்சைதான். எந்தப் பச்சைங்கிறதை நம்ம புதுப்பேட்டை அண்ணன் சொல்லுவார்.

புதுப்பேட்டை_பெயிண்டர்
ஞாயிறு, மதியம் 1:15

கூப்பிட்டதுக்கு நன்றி. முப்பது வருஷமா கார், ஸ்கூட்டர், அப்பப்ப படகு எஞ்சின்னு அடிச்சிட்டு இருக்கேன். இந்த விஷயத்தில் நிறைய பேர் ஒரே இடத்தில்தான் தவறுறாங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

உங்க கடைக்காரர் மெஷின் பொய் சொல்லலை தம்பி. அது எதைப் பார்த்துச்சோ அதைச் சொல்லியிருக்கு. உச்சியில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுதுன்னு சொன்னீங்களே, வெயில் பெயிண்டோட பசையைத் தின்னுட்டு, நிறத்தூளை மட்டும் மேலே விட்டுட்டுப் போனதோட அடையாளம் அது. அந்தப் பொடி வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதனால நிறம் வெளுத்துத் தெரியும். மெஷின் அந்த வெளுப்பைத்தான் அளந்தது. அதே இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ரப்பிங் காம்பவுண்டு போட்டு, நல்ல பருத்தித் துணியால் தேய்ச்சுப் பாருங்க. துணி பச்சையாகும், கவரில் அந்த வட்டம் மட்டும் இருண்டு வரும். அதுக்கப்புறம் ஸ்கேன் பண்ணினா வேற நம்பர் வரும்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு தெரியணும். அந்தப் பச்சை ஃபேக்டரி பச்சையா, இல்ல உங்க மாமா காலத்தில் இங்கேயே யாராவது அடிச்சதா? பஞ்சில் என்.சி. தின்னரை (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கரைக்கிற திரவம்) நனைச்சு, ஒரு மறைவான இடத்தில் அரை நிமிஷம் வெச்சுத் துடைங்க. ஃபேக்டரியில் அடுப்பில் வெச்சுச் சுட்ட எனாமல் அவ்வளவு லேசில் கரையாது. இங்கே அடிச்ச டூக்கோவா (சுடாமல் தானாக் காயற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) இருந்தா பஞ்சோடு கரைஞ்சு வந்துடும்.

அடுத்தது, நான் எந்தப் பழைய வண்டி வந்தாலும் முதல்ல செய்யறது. யார் கண்ணிலும் படாத ஓரமா ஒரு இடம் எடுத்துக்குங்க. 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணியில் நனைச்சு, விரல் நுனியில் சுத்தி, ஒரே புள்ளியில் வட்டமாத் தேய்ங்க. அவசரப்படாதீங்க. நடுவில் வெள்ளி நிறத்தில் அலுமினியம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திடுங்க. சுத்தி வளையம் வளையமா ஒவ்வொரு அடுக்கும் தெரியும், மரத்தை அறுத்தா தெரியற மாதிரி. அலுமினியத்துக்கு அடுத்து வர்ற வளையம் பிரைமர். அதுக்கு அடுத்து வர்றது ஃபேக்டரி நிறம். அதுக்கு மேலே எத்தனை வளையம் இருக்கோ, அத்தனை தடவை யாரோ அடிச்சிருக்காங்க.

பழைய அடுக்கில் ஈயம் இருக்கும்னு வெச்சுக்கிட்டே வேலை செய்ங்க. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேலே கூடாதுங்கிற விதி நம்ம நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்க மோட்டார் அதுக்கு அறுபது வருஷம் மூத்தது. காய்ஞ்ச பேப்பரால் தேய்க்காதீங்க, தண்ணி விட்டே தேய்ங்க, அந்தத் தண்ணியைச் செடியில் ஊத்தாதீங்க, பிள்ளைங்களைக் கிட்டே விடாதீங்க.

கழிமுகம்
ஞாயிறு, இரவு 8:40

அண்ணா, உட்கார்ந்து பொறுமையாகச் செய்தேன். கவரின் பின்பக்கக் கீழ் ஓரத்தில் தேய்த்தேன். அலுமினியம், அதைச் சுற்றி மங்கிய மஞ்சள்பச்சை பிரைமர், பிறகு ஒரு பச்சை, பிறகு மெல்லிய சாம்பல், அதற்கு மேல் இன்னொரு பச்சை! நான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது மேலே இருக்கும் இரண்டாவது பச்சை. பஞ்சில் தின்னர் வைத்தபோது அதுதான் கரைந்து வந்தது, அடியில் இருந்த பச்சை அசையவில்லை. அடிப்பச்சை கொஞ்சம் ஆழமாக, நீலம் சாய்ந்து இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். ஒரு தீபாவளிக்கு முன்னால் மாமா படகையும் மோட்டாரையும் சேர்த்துப் பெயிண்ட் அடித்தது ஞாபகம் இருக்கிறது என்றார். அப்படியானால் சின்ன வயதில் நான் பார்த்த பச்சை மாமா அடித்த பச்சை.

நீலாங்கரை
திங்கள், காலை 7:55

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு தூரம் போக வேண்டுமா? பெயிண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 5 என்று ஒரு ஷேடு அட்டை இருக்கிறது. எண் சொன்னால் கடையில் அந்த நிறம் கிடைக்கும். என் படகின் ட்ரெய்லருக்கு 631, வெளிர் சாம்பல், அப்படித்தான் வாங்கினேன். பச்சையிலும் பல எண்கள் இருக்கின்றன. கிட்ட வருவதை எடுத்து அடித்தால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

புதுப்பேட்டை_பெயிண்டர்
திங்கள், காலை 8:30

ட்ரெய்லருக்கு நீங்க செஞ்சது சரி சார். நாளைக்கு ஒரு கம்பி மாத்தினாலும் அதே 631 வாங்கி அடிக்கலாம், அட்டை அதுக்குத்தான். ஆனா இந்த மோட்டார் நிறம் அந்த அட்டையைப் பார்த்துக் கலந்தது இல்லை. கிட்ட வர்ற பச்சைங்கிறது வேற பச்சைதான். கவரை முழுசா அடிச்சா பத்தடியில் தப்பிக்கலாம், நான் ஒத்துக்கிறேன். தம்பி டேங்கைத் தொடாமல் அப்படியே வெச்சுக்கிட்டாருன்னா? ரெண்டும் படகில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அப்ப யார் கண்ணுக்கும் தெரியும்.

உப்புக்காற்று
திங்கள், மாலை 6:20

நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். உள்பக்கம் ஏன் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வெயில் படாத இடம்தான் ஒரிஜினல் நிறம் என்று பொதுவாகச் சொல்வார்கள். முக்கால்வாசி சரி. ஆனால் எண்ணெய் சேர்ந்த பழைய எனாமலுக்கு ஒரு குணம் உண்டு, இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும். வெள்ளையடித்த மரக்கதவில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் மஞ்சளித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கவரின் உள்பக்கத்தில் எஞ்சின் சூடும் எண்ணெய்ப் புகையும் வேறு சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துக் கலந்தால் மஞ்சள் தூக்கலாகிவிடும்.

நல்ல செய்தி, அந்த மஞ்சளில் பெரும்பகுதி திரும்பக்கூடியது. உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, கவரைக் கவிழ்த்து, நம் ஊர் வெயிலில் சில நாள் வையுங்கள். தினமும் மாலையில் பாருங்கள், மஞ்சள் இறங்குவது நின்றதும் உள்ளே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் வெளுக்க ஆரம்பிக்கும்.

இன்னொன்று, கடைக்குள் டியூப் லைட்டுக்குக் கீழே நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அந்தக் காலத்துப் பச்சைகளில் பல, பிரஷ்யன் நீலத்தையும் ஈயக் குரோமேட் மஞ்சளையும் கலந்து செய்தவை. இன்று டின்டரில் (கடையில் பெயிண்டில் கலக்கும் நிறச்சாயம்) வருவது பெரும்பாலும் தாலோசயனின் பச்சை, அதோடு வேறொரு மஞ்சள். இரண்டும் ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரியலாம், வேறொரு விளக்கில் பிரிந்துவிடும். புடவைக் கடையில் ரவிக்கைத் துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பது இதனால்தான். காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் விழாத திறந்த நிழலில் பாருங்கள். பிறகு வெயிலில் ஒருமுறை, வீட்டு விளக்கில் ஒருமுறை.

கழிமுகம்
திங்கள், இரவு 9:05

ஐயா, காலண்டர் உதாரணம் சட்டென்று புரிந்தது. எங்கள் பூஜை அறைக் கதவில் அப்படியேதான் இருக்கிறது.

சரி, இப்போது என் கேள்வி மாறிவிட்டது. ஃபேக்டரி பச்சையை அடிப்பதா, மாமா அடித்த பச்சையையா? மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது.

காசிமேடு_மெக்கானிக்
திங்கள், இரவு 9:40

எனக்கு இதுல ஒரே எண்ணம்தான் தம்பி. மோட்டார் 1953-ல எப்படி வந்துச்சோ அப்படி இருக்கட்டும். மாமா அடிச்சது மோட்டாரைக் காப்பாத்த. கடல் உப்பு தின்னாம இத்தனை வருஷம் அதைப் பாதுகாத்து உங்க கையில குடுத்ததே அந்த ரெண்டாவது பச்சைதான். அது தன் வேலையை முடிச்சிடுச்சு.

நீலாங்கரை
செவ்வாய், காலை 8:10

எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஃபேக்டரி பச்சையில் ஓடும் மோட்டார் வெளிநாட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும். எண்ணூரில் ஒருவர் கையால் அடித்த பச்சை இது ஒன்றில்தான் இருக்கிறது. அதை முழுவதும் அழிக்காமல் ஒரு இடத்திலாவது விட்டுவையுங்கள்.

புதுப்பேட்டை_பெயிண்டர்
செவ்வாய், காலை 9:25

சார் சொன்னது எனக்கும் பிடிச்சிருக்கு. கவரோட உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்டி விட்டுடலாம். மாமா பச்சை அங்கேயும் ஏறியிருந்தா அது அப்படியே தங்கிடும். முடிவு உங்களோடது.

இப்ப கலவைக்கு வர்றேன். தேய்ச்ச வளையம் மெஷினுக்குப் போதாது, தட்டையா கொஞ்சம் பெரிய இடம் வேணும். ஸ்டிக்கருக்கு அடியில், சுமக்கிற கைப்பிடி உட்கார்ற இடத்தில், கிளாம்ப் வாஷருக்கு அடியில் பாருங்க. இங்கே அடிக்கிறவங்க அதையெல்லாம் கழட்டாமல் சுத்தி அடிச்சிருப்பாங்க, ஃபேக்டரி பெயிண்ட் அப்படியே இருக்கும். அதை மெஷினில் காட்டுங்க. வர்ற ஃபார்முலாவை முக்கால் வழின்னு நினைச்சுக்குங்க. மீதிக் கால் வழி கண்ணும் கையும்தான்.

ஒரு லிட்டர் கலக்காதீங்க, நூறு கிராம் கலந்தால் போதும். நகைத் தராசு மாதிரி சின்னத் தராசில் நிறுத்து, ஒவ்வொரு சொட்டையும் எழுதிக்கிட்டே போங்க. பச்சைக்குப் பிரகாசம் குறைக்கணும்னா கறுப்பை ஊத்துறது நம்ம ஆளுங்க வழக்கம், அது அழுக்காக்கிடும். ஒரு துளி சிவப்பு ஆக்ஸைடு போதும், எதிர் நிறம் அது, அடக்கிடும்.

அலுமினியத் துண்டு வாங்கி, கவருக்கு என்ன பிரைமர் போடப் போறீங்களோ அதையே அதிலும் போட்டு, பிரஷ்ஷில் தடவாமல் ஸ்ப்ரேயில் மூணு கோட் அடிச்சுக் காயவிடுங்க. ஈரத்தில் ஒரு நிறம், காய்ஞ்சதும் வேற நிறம். மினுமினுப்பு கூடினால் நிறம் ஆழமாத் தெரியும், குறைஞ்சா வெளுத்துத் தெரியும். அதனால பழைய இடத்தையும் பாலிஷ் போட்டு அதே பளபளப்புக்குக் கொண்டுவந்துட்டுத்தான் ஒப்பிடணும். ஒப்பிடுறப்ப ஒரு சாம்பல் அட்டையில் சின்ன ஓட்டை போடுங்க. துண்டைக் கவர் மேலே வெச்சு, ரெண்டும் சேர்ற கோடு ஓட்டை நடுவில் வர்ற மாதிரி அட்டையை மேலே வைங்க. கோடு தெரிஞ்சா இன்னும் வேலை இருக்கு. கோடு எங்கே இருக்குன்னு தேட வேண்டியிருந்தா வந்தாச்சு.

காசிமேடு_மெக்கானிக்
செவ்வாய், காலை 11:00

பெயிண்ட் உரிக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை. இங்கே ஒருத்தர் பழைய எஞ்சின் கவரைக் காஸ்டிக் சோடா தண்ணியில ஊற வெச்சார். இரும்புக்கு அது பழக்கமான வேலை. அலுமினியத்தை அது தின்னும். பொங்கிப் பொங்கி நுரைச்சு, காலையில பார்த்தா ஓரமெல்லாம் கறுத்துப்போய் ஊசி ஊசியாக் குழி. அந்தக் கவரை யாராலயும் மீட்க முடியலை. ஜெல் மாதிரி வர்ற பெயிண்ட் ரிமூவர் போடுங்க, கையுறை போட்டுக்குங்க. உரிச்சதும் நல்ல தண்ணியில பல தடவை அலசுங்க. உப்பு ஒரு துளி உள்ள மாட்டிக்கிட்டாலும் நாளைக்குப் பெயிண்டுக்கு அடியில கொப்புளம் கிளம்பும். வெள்ளைப் பொடி பூத்திருக்கிற இடத்தை நல்ல அலுமினியம் தெரியிற வரைக்கும் தேய்ச்சிடுங்க.

புதுப்பேட்டை_பெயிண்டர்
செவ்வாய், மதியம் 12:10

அதோட சேர்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் இரும்புக்கு, அலுமினியத்துக்கு அது பிடிக்காது. உலோகத்தை லேசா அரிச்சுப் பிடிச்சுக்கிற எட்ச் பிரைமர் மெல்லிசா ஒண்ணு, அது மேலே எபாக்ஸி பிரைமர். மேல் கோட்டுக்கு ரெண்டு டப்பா கலக்கிற பி.யு. (பாலியூரிதேன் பெயிண்ட்) போடுங்க. டூக்கோ அடிச்சா பெட்ரோல் சிந்தின இடம் இளகி வந்துடும். ஆனா பி.யு.வை இறுக வைக்கிற ரெண்டாவது டப்பா, அதாவது ஹார்டனரில் ஐசோசயனேட்ங்கிற ரசாயனம் இருக்கு, மூச்சில் போனா ஆஸ்துமா வரும், ஒரு தடவை ஒத்துக்காமப் போச்சுன்னா வாழ்நாள் முழுக்க ஒத்துக்காது. துணி மாஸ்க் எதுக்கும் ஆகாது. வெளிக்காத்து குழாயில் வர்ற மாஸ்க் இருக்கிற பட்டறையில் குடுத்து அடிங்க. என் கூட வேலை பார்த்த ஒருத்தர் நெஞ்சு இழுக்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கு, அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

நேரமும் பாருங்க. வாடைக்காத்து மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. விடிகாலையில் ஈரம் அதிகம், மதியம் கடல்காத்து உப்பையும் தூசியையும் தூக்கிட்டு வரும். காலை ஒன்பதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவில் அடிச்சா நல்லது.

கழிமுகம்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11:30

எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

முன்பக்கத்து ஸ்டிக்கரை ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்தேன். எடுப்பதற்கு முன் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, டிரேசிங் தாளில் எழுத்துகளையும் நகலெடுத்துக்கொண்டேன். அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை, எழுபது வருஷத்து அழுக்கு எதுவும் படாமல். அதைத் தொட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை மெஷினில் காட்டி நூறு கிராம் கலந்தேன். முதல் துண்டு மஞ்சளாக வந்தது. இரண்டாவது சரி என்று நினைத்தேன், கடை விளக்கில் கோடே தெரியவில்லை. வாசலுக்கு எடுத்து வந்தால் நீலமாகப் பிரிந்து நின்றது. ஐயா எழுதியது அப்படியே நடந்தது. கடையில் வேறொரு மஞ்சள் டின்டர் கேட்டு வாங்கி, அடியிலிருந்து திரும்பக் கலந்தேன். ஆறாவது துண்டில், காலை பத்து மணிக்கு மொட்டைமாடி நிழலில், அட்டை ஓட்டைக்குள் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எது பழசு என்று கேட்டதற்குப் புதிய துண்டைக் காட்டினார்.

நேற்று ஒரு பட்டறையில் பி.யு. அடித்தாயிற்று. உள்பக்கத்தில் மாமா பச்சை ஓரமாக ஏறியிருந்தது, அந்த இடத்தை டேப் ஒட்டி அப்படியே விட்டுவைத்தேன். கிராம் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஆறாவது துண்டோடு சேர்த்து அதன் பக்கத்திலேயே ஒட்டப் போகிறேன். டேங்கை இன்னும் தொடவில்லை.

புதுப்பேட்டை_பெயிண்டர்
ஞாயிறு, மதியம் 12:05

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒரு வாரம் பெட்ரோல் படாமல் பார்த்துக்குங்க. அப்புறம் துணியில் பெட்ரோல் நனைச்சு ஓரமா ஒரு இடத்தில் துடைச்சுப் பாருங்க, துணியில் பச்சை வரலைன்னா மோட்டாரை மாட்டலாம். அதுக்கப்புறம் டேங்க். அதிலும் முதல்ல ஒரு வட்டம் தேய்ச்சுப் பாருங்க. கவரில் இருக்கிற அதே அடுக்கு டேங்கிலும் இருக்கும்னு எடுத்துக்காதீங்க.

காசிமேடு_மெக்கானிக்
ஞாயிறு, மாலை 5:15

டேங்குக்கு வர்ற ரெட்டை ஹோஸையும் பார்த்துடுங்க தம்பி. ஒண்ணு காத்தை டேங்குக்குள்ள அனுப்பும், இன்னொண்ணு பெட்ரோலை மேலே கொண்டுவரும். வெடிச்சிருந்தா அழுத்தம் நிக்காது. அடுத்த ஞாயிறு மோட்டாரைத் தூக்கிட்டு வாங்க, நல்ல தண்ணி டிரம்மில விட்டு ஓட்டிப் பார்ப்போம்.